ஒன்ராறியோவில் இரை வைத்துக் கரடி வேட்டை: முதல் தடவை வெளிக்கிடுபவர்களுக்கு

பெப்ரவரி கடைசியில் துவக்கு வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். வசந்தகாலக் கரடி சீசன் மே 1 தொடங்கி யூன் 15 முடியும். என் துவக்கு லைசென்ஸ் தபாலில் வந்த நாள் யூன் 20. முதல் வருடம் அவ்வளவுதான். இரண்டாவது வருடம் தாள்கள் எல்லாம் கையில் இருந்தன, ஆனால் இரை வைப்பதில், அதாவது கரடியை வரவழைக்கக் காட்டில் சாப்பாடு வைத்து மரப்பரணில் காத்திருப்பதில், சறுக்கினேன். மூன்றாவது வருடம்தான் இறைச்சி வீட்டுக்கு வந்தது. இந்த இரண்டு வருடச் செலவை நீங்கள் செய்யத் தேவையில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது ஒன்ராறியோவில் வசிப்பவர்களுக்கான வழி. வேறு மாகாணத்தில் அல்லது நாட்டில் இருந்து வருபவர்களுக்குச் சட்டம் வேறு. அவர்கள் பெரும்பாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி நிறுவனம் ஒன்றின் ஊடாகத்தான் போக வேண்டும். இங்கே வேட்டையாடப்படுவது கருங்கரடி மட்டுமே.

1. நாட்காட்டியை முதலில் பாருங்கள், துவக்கைப் பிறகு பார்க்கலாம்

மே மாதம் பரணில் இருக்க ஆசை என்றால் முந்தைய ஒக்டோபரிலேயே தொடங்குங்கள். வசந்தத்துக்கு முந்திய மாதங்களில் வகுப்புகள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு விண்ணப்பம், காத்திருப்பு, தபால் என்று ஒவ்வொன்றும் சில கிழமைகளை விழுங்கும்.

இன்னொன்று, நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உள்ளூர்வாசி விலையில் லைசென்ஸ் வாங்க, உங்கள் முதன்மை வீடு ஒன்ராறியோவில் இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்துக்குள் தொடர்ந்து ஆறு மாதமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். வேறு மாகாணத்துக் கல்கரியில் இருந்து பெப்ரவரியில் குடிவந்து, மேயில் உள்ளூர்வாசி என்று லைசென்ஸ் எடுப்பது குற்றம்.

2. இரண்டு வகுப்பு, இரண்டு சோதனை

ஒன்று கனடியத் துவக்குப் பாதுகாப்பு வகுப்பு. மற்றது ஒன்ராறியோ வேட்டைக் கல்வி வகுப்பு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலாவது இல்லாமல் துவக்கு வாங்க முடியாது. இரண்டாவது இல்லாமல் வேட்டை லைசென்ஸ் வாங்க முடியாது. சில இடங்களில் இரண்டையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்துகிறார்கள். அதுவே மலிவு. முன்னூறு டொலருக்குக் கிட்ட எடுத்து வையுங்கள்.

துவக்கு வகுப்பில் எழுத்துச் சோதனை, செய்முறைச் சோதனை இரண்டிலும் 80 சதவீதம் வேண்டும். எழுத்தில் விழுபவர்கள் குறைவு. செய்முறையில்தான் ஆட்கள் விழுகிறார்கள், அதுவும் அறியாமையால் இல்லை, அவசரத்தால். துவக்கை மேசையில் இருந்து எடுக்கும்போது விரல் விசையில் பட்டால் புள்ளி போச்சு. குழல்வாய் ஒரு நொடி சோதனையாளர் பக்கம் திரும்பினால் அதைவிட மோசம். வீட்டில் தும்புத்தடியை வைத்துப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்கு உதவியது அதுதான்.

3. துவக்கு லைசென்ஸ்: ஆட்கள் மாட்டுப்படும் இடம்

வகுப்பில் சித்தியடைந்த பிறகு கனடாவின் மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.க்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். கட்டணம் எழுபது டொலருக்குக் கிட்ட. ஏற்கனவே துவக்கு லைசென்ஸ் இல்லாதவருக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு. அந்த 28 நாள் குறைந்தபட்சம்தான். தாளில் ஒரு பெட்டியை விட்டுவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும், எண்ணிக்கை முதலில் இருந்து தொடங்கும்.

படிவத்தில் புதியவர்களைக் கவிழ்க்கும் பகுதி, உங்களுக்காகச் சாட்சி சொல்லும் இருவர். இருவருக்கும் உங்களைக் குறைந்தது மூன்று வருடமாகத் தெரிந்திருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்த இடத்தின் மேற்பார்வையாளர் சரிவரமாட்டார். படத்துக்கு உறுதி சொல்பவர் வேறு, அவருக்கு ஒரு வருடப் பழக்கம் போதும். அப்புறம், இப்போதைய கணவன் அல்லது மனைவியின் கையொப்பமும் கேட்பார்கள். கடந்த இரண்டு வருடத்துக்குள் பிரிந்தவர் இருந்தால் அவரையும் குறிப்பிட வேண்டும். அவர் கையொப்பம் இடாவிட்டால் விண்ணப்பம் செத்துப்போகாது, ஆனால் அதிகாரிகள் அவரோடு கதைப்பார்கள், நாள் இழுபடும்.

சாட்சிக்குப் பெயர் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் சாட்சிகளில் ஒருவர், தெரியாத இலக்கத்தில் இருந்து வந்த அழைப்பை மோசடிக்காரர் என்று நினைத்து இரண்டு தடவை வெட்டிவிட்டார். எனக்கு அதில் மட்டும் பதினைந்து நாள் போனது.

4. அவுட்டோர்ஸ் கார்ட், கரடி லைசென்ஸ், சீட்டு

வேட்டைக்கும் மீன்பிடிக்கும் மாகாணம் தரும் அட்டையான அவுட்டோர்ஸ் கார்ட் பத்து டொலர் அளவில் வரும், மூன்று வருடத்துக்குச் செல்லும். மீன்பிடிக்க ஏற்கனவே வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதில் வேட்டைத் தகுதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டும், மீன்பிடிக் கார்ட் போதாது. கரடி லைசென்ஸ் உள்ளூர்வாசிக்கு நாற்பத்தைந்து டொலரை ஒட்டி வரும். மாகாண அரசின் இணையத்தளத்திலேயே வாங்கி வீட்டில் அச்செடுக்கலாம். அதோடு வரும் சீட்டு (டாக்) நீங்கள் சுடும் கரடிக்கானது. அதைப் பத்திரமாக, நனையாத உறையில் வையுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன் என்பது சீட்டுக்குப் பதிலாகாது.

வருடாந்த வேட்டை விதிச் சுருக்கத்தையும் அதே நாளில் இறக்கி வையுங்கள். போன வருடத்துப் பிரதியை வைத்துப் போக வேண்டாம். எந்த முகாமை அலகில் (வேட்டைக்காக மாகாணம் பிரித்திருக்கும் பகுதி) சீசன் எப்போது, எந்த நாளில் இருந்து இரை வைக்கலாம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். உங்கள் அலகின் பக்கத்தை மட்டுமாவது அச்செடுத்து வாகனத்தில் போட்டு வையுங்கள். காட்டுக்குள் சிக்னல் வராது.

5. இடம் தேடுதல்

தெற்கு ஒன்ராறியோவில் தனியார் காணிதான் அதிகம், காணிக்காரரின் அனுமதி வேண்டும். ரொறன்ரோவில் இருந்து நெடுஞ்சாலை 400, 69 வழியாக வடக்கே போனால் சட்பரி வரை சுமார் 400 கிலோமீற்றர். அந்தப் பக்கத்தில் முடிக்குரிய காணி, அதாவது அரசாங்கக் காணி, தாராளம். மாகாணத்தின் முடிக்குரிய காணி வரைபடத்தை இணையத்தில் பார்த்து, மாகாணப் பூங்காக்களையும் காப்பகங்களையும் தவிர்த்துக் கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலை 69 பிரெஞ்ச் ஆற்றைக் கடக்கும் பாலத்தை நினைவில் வையுங்கள். பிரெஞ்ச், மட்டாவா ஆறுகளுக்கு வடக்கே ஞாயிற்றுக்கிழமையும் துவக்கு வேட்டைக்குத் தடையில்லை. தெற்கே அந்தந்த நகரசபை அனுமதித்திருந்தால் மட்டும். வார இறுதியில் மட்டும் லீவு கிடைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

இரை வைக்கும் இடத்துக்கான தூரங்கள்: வீட்டில் இருந்து 500 மீற்றர், வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதி தந்தால் தவிர. பொதுக் கட்டடத்தில் இருந்தும் 500 மீற்றர். பொது வாகனப் பாதையில் இருந்தும் அடையாளமிட்ட பொழுதுபோக்கு நடைபாதையில் இருந்தும் 200 மீற்றர். குப்பைமேட்டின் 400 மீற்றருக்குள் கரடி வேட்டையே கூடாது. இந்த 200 மீற்றரைக் கண்ணால் அளக்க வேண்டாம். ஜி.பி.எஸ். புள்ளி இட்டு அளந்து பாருங்கள். பற்றைக்குள் அறுபது மீற்றர் நடந்தாலே இருநூறு நடந்த களைப்பு வரும்.

சரி, கரடி வரும் இடம் எது? வெளிச்சத்தில் நடக்கக் கூச்சப்படும் விலங்கு அது. சீடர் சதுப்பின் ஓரம், அடர்ந்த பற்றை, பக்கத்தில் தண்ணீர் இவை மூன்றும் சேரும் இடம் நல்லது. அது பற்றையை விட்டு வெளியே வராமலே இரைக்கு வர வேண்டும். அங்கே வழக்கமாக எந்தத் திசையில் இருந்து காற்று வீசுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கத்தில் பரணைக் கட்டுங்கள். உங்கள் மணம் இரையைத் தாண்டிப் போகக்கூடாது.

6. இரை: பாரம் தூக்கும் வேலை

நான் இரண்டாவது வருடத்தைத் தொலைத்தது இங்கே. வெள்ளி இரவு வெளிக்கிட்டு, சனிக்கிழமை முப்பது கிலோ இரை கொட்டிவிட்டு, ஞாயிறு திரும்பி வருவேன். அடுத்த சனி போனால் எல்லாம் வெறுமை. மரத்தில் கட்டியிருந்த கமெராவில் பார்த்தால் செவ்வாய் அன்றே அண்டங்காகங்களும் ரக்கூன்களும் முடித்துவிட்டன. புதன் இரவு ஒரு கரடி வந்து, மணந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்று போய்விட்டது. அதற்குப் பிறகு அது வரவே இல்லை. கரடிக்கு நினைவு நல்லது, வெறும் சட்டியையும் அது நினைவில் வைத்திருக்கும்.

இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். ரொறன்ரோவில் இருந்து அது முடியாது. அந்த ஊரில் இருக்கும் ஒரு வேட்டைக்காரரோடு கூட்டுச் சேருங்கள். நீங்கள் இரையையும் பெற்றோல் காசையும் கொடுங்கள், அவர் நிரப்பட்டும், இருவரும் மாறி மாறிப் பரணில் இருங்கள். இல்லையேல் வழிகாட்டி நிறுவனத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்துப் போங்கள். மூன்றாவது வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என்ன போடலாம்? பழைய பாண், கேக் கடைக் கழிவு, ஓட்ஸ், நாய்த்தீனி, சோளப்பொரி, மேலே உணவகத்துப் பொரித்த எண்ணெயும் சீனிப்பாகும். எண்ணெயின் வேலை வேறு: கரடி அதில் மிதித்து, பாதத்தால் காடெங்கும் மணத்தைக் கொண்டு போகும், மற்றக் கரடிகள் அந்தத் தடத்திலேயே வரும். பெருஞ்சீரக மணமுள்ள அனிஸ் எண்ணெயைத் துணியில் நனைத்து மரத்தில் உயரக் கட்டினால் தூரத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தப் போத்தலைக் களஞ்சிய அறையில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் அரிசி அனிஸ் மணத்தது.

சொக்லேற் போடாதீர்கள். 2014 இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இரை வைத்த இடத்துக்குப் பக்கத்தில் நான்கு கரடிகள் செத்துக் கிடந்தன. சொக்லேற்றில் இருக்கும் தியோபுரோமின் நஞ்சுதான் காரணம். கேக் கடைப் பெட்டியை அப்படியே கொட்டாமல், சொக்லேற் பூசியதைப் பொறுக்கி எடுங்கள். பிளாஸ்டிக் உறைகளையும் எல்லாம் உரித்துவிடுங்கள், அதுவும் கரடியின் வயிற்றுக்குள்தான் போகும்.

205 லீற்றர் பீப்பாயை மரத்தில் சங்கிலியால் கட்டி, வாயில் பாரமான மரக்குற்றிகளை அடுக்குங்கள். குற்றியைத் தள்ளக் கரடிக்கு முடியும், ரக்கூனுக்கு முடியாது. போய்ப் பார்க்கும்போது குற்றிகள் சிதறிக் கிடந்தால் வந்தது யார் என்று கமெரா இல்லாமலே தெரியும். பீப்பாய் இன்னொரு வேலையும் செய்யும், அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

நிரப்பப் போகும்போது ஒரே நேரத்தில், ஒரே வழியால், சத்தம் போட்டுக்கொண்டே போங்கள். கரடிக்கு அது சாப்பாட்டு மணி ஆகிவிடும். வேட்டை நாளில் மட்டும் சத்தமில்லாமல் ஏறுங்கள்.

7. பரணில்

பரண் இரையில் இருந்து பதினைந்து, இருபது மீற்றர் தூரத்தில் இருக்கட்டும். ஏறுமுன், விழாமல் மரத்தோடு பிணைக்கும் உடல்வாரைக் கட்டுங்கள். கரடி கடிப்பதைவிட ஏணியில் இருந்து விழுவதற்கே அதிகம் பயப்பட வேண்டும். மே கடைசியில் கருப்பு ஈக்களும் நுளம்பும் சேர்ந்து வரும். தலைவலை இல்லாமல் போனால் அரை மணித்தியாலம் தாங்கமாட்டீர்கள்.

செம்மஞ்சள் உடுப்பு பற்றி: தலைத்தொப்பியும், இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமும் செம்மஞ்சள் வேண்டும். கரடி வேட்டைக்காரர் மரப்பரணில் இருக்கும்போது மட்டும் கழற்றலாம், மான், மூஸ் துவக்குச் சீசன் சேர்ந்து வராதபோது. நடக்கும்போது போடுங்கள்.

சூரியன் உதிக்க அரை மணித்தியாலம் முன் தொடங்கி, மறைந்து அரை மணித்தியாலம் வரை சுடலாம். யூனில் சட்பரிப் பக்கம் சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டும். கரடி வருவது பெரும்பாலும் அந்தக் கடைசி ஒரு மணித்தியாலத்தில்தான். நேரம் முடிந்ததும் ரவையைக் கழற்றி, துவக்கை உறைக்குள் போட வேண்டும். பலர் உறையை வாகனத்தில் விட்டுவிட்டுப் பரண் ஏறுகிறார்கள். இரவில் உறையில்லாத துவக்கோடு காட்டுக்குள் நடப்பது சட்டமீறல். உறையையும் மேலே கொண்டு போங்கள்.

இனி முக்கியமானது. வசந்தத்தில் குட்டியையும், குட்டியோடு திரியும் தாய்க்கரடியையும் சுடக்கூடாது. தாய்க்கரடி குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டுத் தனியாக இரைக்கு வரும். ஆகவே தனியாக வந்த கரடியைப் பார்த்ததும் துவக்கைத் தூக்காதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். அது அடிக்கடி ஒரே திசையைத் திரும்பிப் பார்த்தால், அந்தத் திசை மரங்களை மேலிருந்து கீழாகத் தேடுங்கள். எனக்கு முதலில் வந்தது அப்படி ஒரு தாய். பீப்பாயில் தலையை விட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் இடப்பக்கம் பார்த்தது. ஸ்பிறூஸ் மரத்தில் ஒரு பந்து போல இருந்தது அசைந்தபோதுதான் அது குட்டி என்று தெரிந்தது. நெஞ்சு படபடத்தது.

இரை வைத்து வேட்டையாடுவது நியாயமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் சண்டை பிடிக்கமாட்டேன். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் வேறு எந்த முறையிலும் கிடைக்காது. அதைப் பயன்படுத்தாதவர் இந்த முறையைத் தொடக்கூடாது என்பது என் எண்ணம்.

அளவு பார்க்கப் பீப்பாய் உதவும். நிமிர்ந்து நிற்கும் பீப்பாயின் உயரம் 88 சென்ரிமீற்றர் அளவு. கரடியின் முதுகு நடுப்பகுதியை மட்டும் எட்டினால் சின்னது, விடுங்கள். மேல் விளிம்பை நெருங்கினால் வளர்ந்தது. காதையும் பாருங்கள்: காது பெரிதாக, கிட்டக் கிட்ட இருந்தால் இளசு. சின்னதாக, தலையின் இரண்டு பக்கத்துக்கும் விலகி இருந்தால் பெரியது.

கரடி பக்கவாட்டில் நின்று அதன் முன்னங்கால் முன்னே போகும் வரை பொறுங்கள். குறி தோளுக்குச் சற்றுப் பின்னே, உடலின் நடு உயரத்துக்குச் சற்றுக் கீழே. நேரே உங்களைப் பார்த்து நிற்கும்போது சுட வேண்டாம். கொழுப்பும் மயிரும் இரத்தத்தை உறிஞ்சிவிடும், தடம் பிடிப்பது கஷ்டம். சுட்ட பிறகு அரை மணித்தியாலம் பரணிலேயே இருங்கள். ஓடிய திசையில் கடைசியாகத் தெரிந்த மரத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

8. விழுந்த பிறகு: நேரம் உங்களுக்கு எதிரி

முதலில் சீட்டு. கரடி விழுந்த இடத்திலேயே, படம் எடுக்குமுன் அதைச் செல்லுபடியற்றதாக்கி விவரத்தைக் குறியுங்கள்.

பிறகு உரிப்பு. மே, யூன் வெயிலில் தடித்த தோலும் கொழுப்பும் சூட்டை உள்ளே அடைத்து வைக்கும், இரவில்கூட இறைச்சி கெடும். இறைச்சியைக் கெடவிடுவது சட்டப்படி குற்றம். இரண்டு பெரிய குளிர்பெட்டிகளில் ஐஸ் நிரப்பி வாகனத்தில் வைத்துவிட்டே பரணுக்குப் போங்கள். பித்தப்பையைத் தனியே எடுத்து வைத்திருக்கக் கூடாது. மருந்துக்கு என்று யாராவது கேட்டாலும் மறுத்துவிடுங்கள். இறைச்சியை விற்கவும் கூடாது, சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம்.

சமைக்கும்போது உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும், வெப்பமானியால் குத்திப் பாருங்கள். கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். உறைய வைத்தால் சாகும் என்று நம்பாதீர்கள். 2022 இல் வட சஸ்கச்சுவானில் சுட்ட கரடியை 45 நாள் உறைய வைத்துப் பிறகு சாப்பிட்ட அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் ஆறு பேருக்கு நோய் வந்தது. இறைச்சி இயல்பாகவே கருஞ்சிவப்பாக இருந்ததால் வெந்ததா இல்லையா என்று கண்ணால் தெரியவில்லை. அந்த ஆறு பேரில் இருவர் இறைச்சியே தொடவில்லை, அந்த இறைச்சியோடு சேர்த்து வேகவைத்த மரக்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். ஆகவே வெட்டுப்பலகை, கத்தி எல்லாம் தனி. இந்த விஷயத்தில் நம்முடைய சமையல் நல்லது: கறித்தூள் போட்டு இரண்டு மணித்தியாலம் வேகவிட்ட கறியில் புழு தப்பாது. வீட்டில் முதலில் முகம் சுழித்தார்கள், பிறகு மாட்டிறைச்சிதானே என்று கேட்டார்கள்.

9. துப்புரவும் அறிக்கையும்

சீசன் முடிந்ததும் பீப்பாய், சங்கிலி, பிளாஸ்டிக், பரண் எல்லாம் வெளியே வர வேண்டும். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வரும்போது பாரம் குறைவு என்று நினைப்பீர்கள், எண்ணெய் பூசிய பீப்பாயை உருட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் கட்டாய வேட்டை அறிக்கை. லைசென்ஸ் வாங்கிய எல்லோரும் கொடுக்க வேண்டும், கரடி கிடைக்காவிட்டாலும், காட்டுக்கே போகாவிட்டாலும். முதல் வருடம் கரடி லைசென்ஸ் வாங்கியிருந்தும் நான் பரணைக் கண்ணால்கூடக் காணவில்லை, அதனால் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அடுத்த வருடம் லைசென்ஸ் வாங்கப் போனபோதுதான் அது பாக்கியாக நின்றது தெரிந்தது. இணையத்தில் ஐந்து நிமிட வேலை. முடிவில் வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தை அவுட்டோர்ஸ் கார்டோடு சேர்த்து எழுதி வையுங்கள்.